நாக்குப் பழகுமுன் மறைந்துபோகும் சுவைகள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரச் சுப்பர்மார்க்கற் எதற்குள் நுழைந்தாலும் சிப்ஸ் தட்டில் ஒரு மூலை மட்டும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். வெறும் உப்புப் போட்டது, மிளகாய்த்தூள் போட்டது, சீஸ்-வெங்காயம் எல்லாம் வருடக்கணக்காக இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த மூலையில்தான் இன்றைக்கு வசாபி, கொஞ்ச நாளில் கடற்பாசி, பிறகு உப்பில் ஊறிய முட்டை மஞ்சட்கரு. வாங்குவது பெரும்பாலும் இளம்பிள்ளைகள். வீட்டில் பைக்கற்றை உடைத்த பிறகு நடப்பதும் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஒருவர் முகத்தைச் சுளிப்பார், இன்னொருவர் அதைத் தொலைபேசியில் பிடிப்பார். அம்மம்மா ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இதென்ன தம்பி, சவர்க்காரம் மாதிரி மணக்குது! உந்தக் காசுக்குப் பருத்தித்துறை வடை வாங்கியிருக்கலாமே" என்பார்.

அந்தச் சுளிப்பை நாக்கு சொன்ன தீர்ப்பென்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். பிடிக்கவில்லை, ஆகவே ருசி சரியில்லை என்று கணக்கை முடித்துவிடுகிறோம். ஆனால் விநோதச் சுவைகளின் பின்கதையைப் பார்த்தால் அதில் நாக்கின் பங்கு சிறியது. பைக்கற்றில் அச்சிட்ட பெயரும், எத்தனை தரம் சாப்பிடக் கிடைக்கிறது என்பதுமே பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. இந்தப் பைக்கற்றுகளில் பெரும்பாலானவை இரண்டாம் முறை வாங்கப்படுவதற்காகச் செய்யப்படுபவையும் அல்ல.

தொழிற்சாலையில் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். உருளைக்கிழங்கைச் சீவி, கழுவி, பொரித்து, எண்ணெயை வடித்து எடுக்கும் வரை எல்லாச் சிப்ஸும் ஒரே சிப்ஸ்தான். அதன் பிறகு அது சுழலும் பெரிய உருளைக்குள் போகும். மேலிருந்து தூள் கொட்டும். உப்பு, சீனி, தூளைத் தாங்கிநிற்கும் மாச்சத்து, அஜினமோட்டோ என்று நாம் சொல்கிற மோனோசோடியம் குளுட்டமேற், ஈஸ்ட் சாறு, புளிப்புக்குச் சிற்றிக் அமிலம், இவற்றோடு மிகச் சிறிதளவு வாசனைச் சேர்மங்கள். ‘சுவை’ என்று நாம் காசு கொடுப்பது இந்தத் தூளுக்குத்தான். தூளைச் செய்பவர்களும் பெரும்பாலும் சிப்ஸ் கம்பனிகள் அல்ல. சுவிற்சர்லாந்தின் ஜிவோடான் போன்ற வாசனை நிறுவனங்கள் அதைச் செய்து விற்கின்றன. ஆகவே புதுச் சுவை என்றால் இயந்திரத்தை மாற்றத் தேவையில்லை. தூளையும் பைக்கற்றின் அச்சையும் மாற்றினால் போதும். பிஸ்கற்றில் இது சற்றுச் சிரமம், ஏனென்றால் சூளைச் சூட்டில் வாசனை பறந்துவிடும். அதனால்தான் விநோதங்கள் நடுவிலுள்ள கிறீமுக்குள் ஒளிந்துகொள்கின்றன. 2018இல் ஓரியோ சீனாவில் வசாபியையும் காரக் கோழிச் சிறகையும் பிஸ்கற் சுவையாக்கியது அந்தக் கிறீமில்தான்.

கோழிச் சுவை, இறால் சுவை என்று எழுதியிருந்தாலும் உள்ளே கோழியோ இறாலோ இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. பல தயாரிப்புகளில் இருப்பது ஈஸ்ட் சாறும் ஆய்வுகூட வாசனையும் மட்டுமே. வெள்ளிக்கிழமை மச்சம் சேர்க்காத கொழும்பு வீடுகளில் இது சும்மா கேள்வியல்ல. கோழியே படாத கோழிச் சுவை மச்சமா, சைவமா? பைக்கற்றின் பின்பக்கத்து நுண்ணெழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, "இதில ஒண்டுமில்லை, சாப்பிடலாம்" என்று மகன் சொன்னாலும், "பேரே கோழி எண்டு இருக்கு, சாமியறைப் பக்கம் கொண்டு வராதை" என்பார் அம்மா. இந்தியாவிலிருந்து வரும் பைக்கற்றில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி இருக்கும். உள்ளூர்த் தயாரிப்புகள் எல்லாவற்றிலும் அதை எதிர்பார்க்க முடியாது. அம்மாவின் வாதத்தைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். உணவு அறிவியலும் பெரும்பாலும் அவர் பக்கம்தான் நிற்கிறது.

2008இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் யோமன்ஸ், சமையற்கலைஞர் ஹெஸ்டன் புளுமென்தால் ஆகியோர் அதில் சேர்ந்திருந்தார்கள். புகையூட்டிய சாமன் மீனில் ஓர் ஐஸ்கிறீம் செய்தார்கள். பார்வைக்கு இளஞ்சிவப்பு, ஸ்ரோபெரி போல. ஒரு சாராருக்கு ‘ஐஸ்கிறீம்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு சாராருக்கு உறைய வைத்த உப்புச் சுவையுள்ள மூஸ், அதாவது நுரைத்த கூழ் என்றார்கள். இரண்டு கிண்ணத்திலும் ஒரே பண்டம். ஐஸ்கிறீம் என்று நம்பி வாயில் வைத்தவர்களுக்கு அது குமட்டியது, உப்பும் தூக்கலாகத் தெரிந்தது. மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கரண்டி வாய்க்கு வருமுன்பே மூளை இனிப்பை வரவேற்க ஆயத்தமாகி நிற்கிறது. வந்தது மீன் என்றதும் அந்த ஏமாற்றமே அருவருப்பாக மாறிவிடுகிறது. வெள்ளவத்தையில் யாராவது ‘கருவாட்டு ஐஸ்கிறீம்’ என்று பலகை போட்டால் கூட்டம் சேரும், கிண்ணம் காலியாகாது. அதையே குளிரவைத்த மீன்கூழ் என்று ஒரு நட்சத்திர ஹோட்டல் பரிமாறினால் பெரியவர்கள் தலையாட்டிச் சாப்பிடுவார்கள் என்பது என் ஊகம்.

நாக்கு தனியாக அறிவது கொஞ்சம்தான்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா அடையாளம் கண்ட உமாமி. உறைப்பு இந்தக் கணக்கில் இல்லை. சூட்டை அறியும் நரம்பைத்தான் மிளகாய் தூண்டிவிடுகிறது. நரம்பில் அதை உணரும் ‘வாங்கி’ என்ற புரதத்தை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. மீதியெல்லாம் வாயின் பின்புறத்தால் மூக்குக்கு ஏறும் மணம். மணத்தின் சிக்கல் என்னவென்றால் அது பழைய நினைவோடு பிணைந்தே வரும். றோஸ் சவர்க்காரத்தில் மட்டும் றோஸ் மணத்தை அறிந்தவருக்கு புறக்கோட்டையில் ஒரு கிளாஸ் பலூடாவைக் கொடுத்துப் பாருங்கள், குளியலறை ஞாபகம் வருகிறது என்பார். நமக்கோ அது நோன்புக்காலமும் கலியாண வீடும். சில வேளை உடம்பே வேறாகவும் இருக்கும். மரபணு வேறுபாட்டால் பச்சைக் கொத்தமல்லி இலை சிலருக்குச் சவர்க்காரமாகவே மணக்கிறது. ஆனால் இது விதிவிலக்கு. பெரும்பாலான ‘சீ’க்களுக்குக் காரணம் அறிமுகமின்மைதான்.

இனி கொழும்புக்கே உரிய முரணுக்கு வருவோம். விநோதச் சுவை என்று முகம் சுளிக்கும் இதே நகரம், உலகின் விநோதமான தின்பண்டங்கள் சிலவற்றை அன்றாடம் அலட்டிக்கொள்ளாமல் தின்கிறது. மாலையில் காலிமுகத்திடலில் நின்றால் அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். மாங்காய், அம்பரெல்லா, வெரளிக்காய் எல்லாம் சீனி, வினாகிரி, மிளகாயில் ஊறிய அச்சாறாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்கும். இனிப்பு, புளிப்பு, உப்பு, உறைப்பு, கயர்ப்பு ஐந்தும் ஒரே வாயில். முழு இறாலைத் தலையோடு மேலே பதித்த வடை பக்கத்திலேயே இருக்கும். விளாம்பழத்தைத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டுக் கரைத்துக் குடிக்கிறோம். அதன் மணம் நாட்பட்ட வெண்ணெய்க்கட்டி போலிருக்கிறதென்று வெளிநாட்டுக்காரர் மூக்கைப் பிடிப்பதைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வரும். சீனிச்சம்பலுக்குள் மாசி இருக்கிறது, அதாவது இனிப்புக்குள் மீன். அதை பணிஸுக்குள் வைத்துக் காலைச் சாப்பாடாகவும் ஆக்கிவிட்டோம். சாமன் ஐஸ்கிறீமுக்கு முகம் சுளிக்க நமக்கென்ன தகுதி?

ஆனால் இதே அன்னாசி-மிளகாய்ச் சேர்க்கையைச் சொக்கலேற்றுக்குள் வைத்தால் பலர் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சுவை அதே சுவைதான், உருவம் இடம் மாறிவிட்டது. இத்தனைக்கும் நடு அமெரிக்காவின் பழங்குடிகள் கொக்கோவை மிளகாய் போட்டே குடித்தார்கள். பால் சொக்கலேற் சுவிற்சர்லாந்தில் உருவானது 1875இல்தான். மூத்தது எது, புதுமை எது என்று வரலாற்றைக் கேட்டால் தட்டிலுள்ள பலவும் இடம் மாறிவிடும். மிளகாயே போர்த்துக்கேயர் வழியாக இந்தப் பக்கத்துக்கு வந்த அமெரிக்கச் சரக்கு. சீஸ்-வெங்காயமும் ஒரு காலத்தில் விநோதம்தான். அயர்லாந்தில் டேற்றோ கம்பனியைத் தொடங்கிய ஜோ மேர்பி 1954இல் அந்தச் சுவையைச் சிப்ஸில் ஏற்றும்வரை, அங்கும் பிரித்தானியாவிலும் சிப்ஸ் என்றால் உப்பு மட்டும்தான். அந்த உப்பையும் பைக்கற்றுக்குள் தனியாகச் சிறு பொட்டலமாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

ஏற்கமுடியாத ஒரு சுவை எப்படி வீட்டுப்பண்டமாகிறது என்பதற்கு இலங்கையில் மாமைட்டை விட்டால் வேறு உதாரணம் தேட வேண்டாம். பியர் வடித்து மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யும் கறுப்புப் பசை அது. 1902இல் இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரில் தொடங்கிய கம்பனி. உப்பும் கசப்பும், காய்ச்சி இறுகிய ஏதோவொன்றின் மணமும். ஒன்று உங்களுக்குப் பிடிக்கும் அல்லது வெறுப்பீர்கள் என்று அந்தக் கம்பனியே 1990களில் விளம்பரம் செய்தது. பம்பாயில் வேலை செய்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர், கர்ப்பிணிகளின் ஒருவகை இரத்தச்சோகையை மாமைட் குணப்படுத்துகிறது என்று 1931இல் எழுதினார். 1934–35இல் மலேரியா இலங்கையைச் சூறையாடியபோது, பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்தின் தொண்டர்கள் கிராமங்களுக்குப் போய், போசாக்கில்லாமல் மெலிந்த சனங்களுக்கு மாமைட் கொடுத்தார்கள். ஆக அது இங்கே பரவியதில் மருந்து என்ற பெயருக்குப் பெரும் பங்குண்டு. மருந்து கசக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கசந்தபோது எவரும் ஏமாறவில்லை. காய்ச்சல்காரருக்கும் பிள்ளைப்பெற்ற பெண்களுக்கும் சுடுதண்ணீரில் கரைத்து, தேசிக்காய் பிழிந்து, திரும்பத் திரும்பக் கொடுத்ததில் நாக்கு பழகிவிட்டது. இன்றைக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப்பிள்ளை பாணில் மாமைட் பூசிச் சாப்பிடுவதை யாரும் காணொளி எடுப்பதில்லை.

திரும்பத் திரும்ப என்பதில்தான் விசயம் இருக்கிறது. பழக்கமே விருப்பமாகும் என்பதை ரொபர்ட் சயன்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் சோதனைகளால் காட்டினார். உணவில் இது கருவறையிலேயே தொடங்குகிறது. ஜூலி மெனெல்லா என்ற அமெரிக்க ஆய்வாளரும் சகாக்களும் 1991இல் தாய்மாருக்கு உள்ளி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பாலில் உள்ளி மணம் ஏறியபோது குழந்தைகள் விலகவில்லை, கூடுதல் நேரம் முலையோடு ஒட்டியிருந்தன. 2001இல் வந்த அவர்களின் இன்னோர் ஆய்வில், கர்ப்பகாலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கரட் சாறு குடித்திருந்தால், குழந்தை கரட் கலந்த உணவை விருப்பத்தோடு ஏற்றது. நம்மூரில் பிள்ளைப்பெற்றவளுக்கு மிளகும் உள்ளியும் மல்லியும் அரைத்துச் சரக்குக்கறி வைத்துக் கொடுப்பது பால் சுரக்கவும் உடம்பு தேறவும் என்பார்கள். அதோடு பிள்ளையின் மூக்குக்கும் அதே வீட்டுச் சமையலறை அறிமுகமாகிவிடுகிறது. பிறகு, சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு ஒரு புது மரக்கறி பிடித்துவர எட்டுப் பத்துத் தரமாவது வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். புழுக்கொடியலின் கசப்பும் பனங்காயின் காட்டமும் யாழ்ப்பாணத்தாருக்குச் சுகமாகத் தெரிவதும், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த அவர்களின் பேரப்பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இதனால்தான். இரத்தம் அதே இரத்தம், கிடைத்த தடவைகள்தான் குறைவு.

இதையெல்லாம் வைத்து அந்த மாறும் மூலையைத் திரும்பப் பாருங்கள். ‘குறுகிய காலத்துக்கு மட்டும்’ என்று பைக்கற்றிலேயே போட்டிருக்கும். அதாவது நாக்கு பழகத் தேவையான தடவைகள் கிடைக்குமுன் சரக்கு போய்விடும். கம்பனிக்கு வேண்டியது விருப்பமில்லை, பேச்சு. பிரித்தானியாவில் வோக்கர்ஸ் கம்பனி 2008இல் புதுச் சுவையொன்றைச் சொல்லுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டபோது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட யோசனைகள் குவிந்தன. இறுதிச் சுற்றில் அணில் சுவையும் மிளகாய்ச் சொக்கலேற்றும் இருந்தன. அணில் சிப்ஸில் அணில் கிடையாது, ஆனால் நாடு முழுக்க அதைப் பற்றித்தான் பேசியது. வென்றதோ முட்டை, பன்றி இறைச்சி, பீன்ஸ் எல்லாம் சேர்ந்த காலைச் சாப்பாட்டுச் சுவை. அதற்கும் ஆயுள் நீளவில்லை, அடுத்த ஆண்டே நிறுத்திவிட்டார்கள். கம்பனிக்கு அதில் நட்டமென்று நினைக்கவேண்டாம். அணிலைப் பார்க்க வந்தவர்கள் போகும்போது வழக்கமான உப்புச் சிப்ஸை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஜப்பான் இதையே ஒரு கலையாக்கியது. 2000ஆம் ஆண்டில் ஹொக்கைடோவில் ஸ்ரோபெரி கிட்கட்டில் தொடங்கி முந்நூறுக்கு மேற்பட்ட சுவைகள், சோயா சோஸும் வசாபியும் உட்பட. அங்கே பயணம் போனால் அந்த ஊர்ப் பண்டமொன்றை வாங்கிவந்து பகிர்வது கடமை. ஆகவே ஊருக்கொரு சுவை என்பது ஏற்கெனவே இருந்த பழக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நமக்கும் அப்படியொரு வழி உண்டு, ஆனால் அது கட்டுநாயக்காவில் வந்திறங்கும் பயணப்பெட்டி. ரொறன்ரோ மாமி கெச்சப் சிப்ஸ் கொண்டுவருவார், லண்டன் சித்தப்பா இறால் கொக்ரெயில் சிப்ஸ் கொண்டுவருவார். கனடாவில் கெச்சப் சிப்ஸ் பெட்டிக்கடைச் சாமான், இங்கே அது விநோதம். ஆனாலும் மாமி கொண்டுவந்ததற்கு யாரும் ‘சீ’ சொல்வதில்லை. நாகரிகம் ஒரு காரணம். தந்தவரின் முகம் பைக்கற்றோடு சேர்ந்து வருவது இன்னொன்று. அங்கே பிறந்த மச்சான்மார் அதைக் கையளவாய் அள்ளித் தின்பதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது தின்னத் தக்கது என்று தோன்றிவிடுகிறது. சுப்பர்மார்க்கற் தட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

2022இன் நெருக்கடி இந்த மூலையைக் கொஞ்சக்காலம் துடைத்தே விட்டது. டொலர் தட்டுப்பாட்டால் அந்த ஓகஸ்ட்டில் சொக்கலேற் உட்பட முந்நூறு வரையான பொருள்களின் இறக்குமதியை அரசு இடைநிறுத்தியது. அடுத்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பாணுக்கே யோசித்த காலத்தில் வசாபியை யார் கேட்பது? விலை ஏறும் நாட்டில் புதுமை என்பது சூதாட்டம்: பிடிக்காவிட்டால் காசு கரி. உள்ளூர்க் கம்பனிகள் பத்திரமான வழியில் போவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். கொத்து ரொட்டியின் சுவையை நூடில்ஸில் ஏற்றிய பிறீமாவின் கொத்துமீ நிலைத்து நிற்கிறது. பண்டம் புதிது, ஆனால் இரவு எட்டு மணிக்குக் கடைவாசலில் தகடு அடிக்கும் சத்தத்தோடு வளர்ந்த நகரத்துக்கு அதன் ருசியில் புதிதாக ஒன்றுமில்லை. சுவை விநோதமாக இருந்தால் உருவமாவது பழகியதாக இருக்க வேண்டும், உருவம் புதிதென்றால் சுவையாவது வீட்டுச் சுவையாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரேயடியாக மாற்றிய பண்டங்கள் நின்றதை நான் அதிகம் கண்டதில்லை.

முதல் நாளே ஓடிப்போய் வாங்குகிறவர்களைப் பற்றியும் ஒரு வேடிக்கையான ஆய்வு உண்டு. 2015இல் அமெரிக்காவில் ஒரு கடைச் சங்கிலியின் விற்பனைத் தரவை ஆராய்ந்தவர்கள், தோற்றுப்போகும் புதுப் பண்டங்களையே திரும்பத் திரும்ப வாங்கும் ஒரு கூட்டம் இருப்பதைக் கண்டார்கள். ஒரு பண்டத்தின் விற்பனையில் இவர்களின் பங்கு 25 இலிருந்து 50 சதவீதமாக ஏறினால், அது தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 31 சதவீதம் குறைகிறதாம். ஆரவாரமாக விற்பதும் நிலைப்பதும் வேறு வேறு என்பதைக் கடைக்காரர்கள் ஆய்வில்லாமலே அறிவார்கள். வெள்ளவத்தைச் சந்தைப் பக்கத்துச் சிறு கடைக்காரர் விநோதச் சுவையில் ஒரு பெட்டிக்கு மேல் எடுக்கமாட்டார். மிஞ்சியது திகதி முடியக் கிட்டும்போது ஒன்றுக்கு இரண்டாகக் காசு மேசையோரம் வந்து சேரும். மலிவாகக் கிடைப்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை இரண்டாம், மூன்றாம், நான்காம் தரம் வாங்குவார்கள், சிலருக்கு உண்மையாகவே பிடித்தும் போகும். "அண்ணை, அந்தப் பச்சைப் பைக்கற் இருக்கா?" என்று அவர்கள் வந்து கேட்கும் நேரத்தில் கம்பனி வேறு தூளுக்கு மாறியிருக்கும்.